செம்புக் கம்பித் தாடி

கம்பெனி ஆண்டு விழா நாடகத்தில் எகிப்தை ஆண்ட பெண்களில் யாரை மேடை ஏற்றுவது என்று எங்கள் வைண்டிங் பிரிவில் ஒரு வாரம் முழுக்கச் சண்டை நடந்தது. பெரும்பாலோருக்குப் பாம்பு கடித்துச் செத்த ராணிதான் வேண்டும். அவளைத் தெரியாதவர் இல்லை. காதல் இருந்தது, கப்பல் சண்டை இருந்தது, நல்ல பட்டாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம், நடுவில் ஒரு டான்ஸும் வைக்கலாம். நான் சொன்னவளிடம் இதெல்லாம் கிடையாது. அவளிடம் இருந்தது ஒரு தாடி.

அது எண்பதுகளின் பிற்பாதி. ஓசூர் தொழிற்பேட்டையில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றித் தரும் கம்பெனி ஒன்றில் நான் சேர்ந்து இரண்டாவது வருடம். எங்கள் பிரிவில் எல்லோரும் பெண்கள். ஒரே பெயரில் மூன்று பேர், நான்கு பேர் என்று இருந்ததால் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் தென்காசி. மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஷீட் கூரை வீட்டில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் மத்தூர். எங்கள் இருவரையும்விடப் பத்து வயது மூத்தவர், கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர், தினமும் பஸ்ஸில் வந்து போனவர் சூளகிரி அக்கா. நெடுநெடுவென்று உயரம். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், மேலதிகாரிகளிடம் கன்னடம் என்று மூன்றையும் ஒரே வாயில் வைத்திருப்பார்.

எனக்கு அந்த நாட்களில் எங்கேயும் இருப்புக் கொள்ளாது. ஊரிலிருந்து அப்பா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு புது மாப்பிள்ளை வருவான். நான் தபால் வழியில் சரித்திரம் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அது முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். முடித்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடித்ததும் கால் தானாகப் பஸ் நிலையத்துக்குப் போகும். பெங்களூர் பஸ்ஸில் ஏறி, இறங்கி, சும்மா நடந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வருவேன். அப்படிப் போன ஒரு நாள்தான் நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. எகிப்தைப் பற்றியது. அதில் ஒரு மலையடிவாரக் கோயில் படமும், பக்கத்தில் ஒரு சிலையின் படமும் இருந்தன. ராஜ தலைப்பாகை, அகன்ற மார்பு, முகவாயில் நீளத் தாடி. கீழே எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் அது பெண் என்று தெரிந்தது. பஸ்ஸில் வரும் வழி முழுக்க அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மத்தூர் முயன்று பார்த்துத் தும்மல் வந்தது போலச் சொன்னாள். கடைசியில் தாடி ராணி என்றே ஆகிவிட்டது.

"தாடியா? பொம்பளைக்கு எப்பிடிக்கா தாடி மொளைக்கும்?" என்று கேன்டீனில் மத்தூர் என்னைக் கேட்டாள்.

"மொளைக்கலட்டி. கட்டிக்கிட்டா. அந்த ஊர்ல ராசான்னா தாடி இருக்கணும். ஆம்பள ராசாவுக்கே அது ஒட்டுத் தாடிதான்."

சூளகிரி அக்கா களியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "அவ ராஜாவுக்குப் பொண்டாட்டியா, பொண்ணா?"

"ரெண்டும்தான்க்கா. ஒரு ராசாவுக்கு மவ, அடுத்த ராசாவுக்குப் பொண்டாட்டி. புருசன் செத்துட்டான். அவனோட இன்னொரு பொண்டாட்டி பெத்த பையன் சின்னப் பிள்ள. அவன் வளருற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்னு நாட்ட நடத்துனா. பொறவு கிரீடத்தத் தானே வச்சுக்கிட்டா."

"அந்தப் பையன?"

"தொரத்தல. நீயும் ராசாதான்னு பக்கத்துலயே வச்சுக்கிட்டா. அவன் பட்டாளத்துல பெரிய ஆளா வளந்தான்."

"கொல்லாம வச்சிருந்தாளே. அதுவே பெருசு." அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "அவ என்னா பண்ணா? சும்மா தாடி வச்சிக்கினு குந்திக்கினு இருந்தாளா?"

கடல் கடந்து கப்பல் அனுப்பி, சாம்பிராணி மரங்களை வேரும் மண்ணுமாகக் கூடையில் வைத்துக் கொண்டுவரச் செய்ததைச் சொன்னேன். ஒரே கல்லில் செதுக்கிய தூண்களை ஆற்றில் மிதக்கவிட்டு வந்து நிறுத்தியதைச் சொன்னேன். அக்காவுக்குப் பிடித்தது வேறொன்று. சிலைகளில் அவளை ஆணாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் எழுதும்போது பல இடங்களில் மகள் என்றும் அவள் என்றும் பெண்ணாகவே எழுதியிருக்கிறார்கள் என்று புத்தகத்தில் இருந்தது.

"அப்ப பாக்கறவனுக்கு ஆம்பள, படிக்கறவனுக்குப் பொம்பள," என்றார் அக்கா. "அவளுக்கு முன்னாடி இப்பிடி யாரும் ஆண்டது இல்லியா?"

இருந்திருக்கிறார்கள். சில நூறு வருடங்களுக்கு முன்னால் ஒருத்தி, வம்சத்தில் ஆண் வாரிசு இல்லாமல் போனபோது வந்தவள். அவள் சிலையில் பெண்ணின் உடைமேலேயே ராஜாவின் வேட்டியையும் சுற்றியிருப்பார்கள். எதை விடுவது, எதைக் கட்டுவது என்று தெரியாத மாதிரி. அந்தச் சிலை தலையில்லாமல்தான் கிடைத்தது. அதைச் சொன்னதும் மத்தூர் முகத்தைச் சுளித்தாள். பாம்பு ராணியைக் கேட்டவர்களும் மெல்ல அடங்கினார்கள். யார் தாடி வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

அப்போது அக்காதான் எங்கள் லைனுக்கு ஆக்டிங் சூப்பர்வைசர். எங்கள் சூப்பர்வைசர் சேலத்துக்காரர், கெட்டவர் இல்லை. புது மிஷின் வரப்போகிறது என்று அவரைப் புனேவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் வரும் வரைக்கும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். முதலில் சில வாரங்கள் அவர் நாற்காலியில் அக்கா உட்காரவே இல்லை. நின்றுகொண்டே ப்ரொடக்‌ஷன் ஷீட் எழுதுவார். கால் வீங்கிப்போன ஒரு மழைநாளில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்தோம். வெளிச்சம் போதாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தவர்களின் மேசைகளை ஜன்னல் பக்கம் மாற்றினார். யாருக்கு எந்த அளவு காயில் கைக்கு வரும் என்று பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். திரும்பி வரும் கழிவுக் காயில்கள் குறைந்தன. மேனேஜர் ஒருமுறை லைன் பக்கம் வந்து "குட், குட்" என்றுவிட்டுப் போனார்.

இதையும் அதையும் முடிச்சுப் போட்டு நான் நாடகம் எழுதவில்லை. இதைச் சொன்னால் பின்னாளில் யாரும் நம்பியதில்லை. எனக்கு அந்தத் தாடிதான் கண்ணுக்குள் நின்றது. வேறெதுவும் தோன்றாத வயது.

ஒத்திகை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். பாதி வசனம் சுத்தத் தமிழில் இருந்ததால் அக்கா திணறுவார். திணறும்போது தெலுங்கில் விழுவார். ராணியின் மந்திரியாக வந்தவள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். அவளுக்குத் தெலுங்கு புரியாமல் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வளர்ந்த பையன் வேஷம் எனக்கு. நாடகத்தின் கடைசியில், ராணி செத்த பிறகு, சுவரில் வெட்டியிருக்கும் அவள் பெயரை உளியால் செதுக்கி அழிப்பவன் அவன்தான். அதை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தாடிதான் சரியாக வரவில்லை. பஞ்சில் செய்தோம், சாமியார் போல இருந்தது. கயிற்றில் செய்தோம், ஆடு போல இருந்தது. ஒரு நாள் அக்கா கழிவு டிரம்மிலிருந்து துண்டு எனாமல் கம்பிகளை எடுத்து, மூன்று மூன்றாகச் சேர்த்து ஜடை போலப் பின்னிக்கொண்டு வந்தார். மயிரிழைக்குக் கொஞ்சம் தடித்த செம்புக் கம்பி. நுனியில் லேசாக மேல்நோக்கி வளைத்திருந்தார், படத்தில் இருந்தபடியே. முகவாயில் வைத்ததும் ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தங்கமாக மின்னியது. கிண்டல் செய்ய வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அது அவருக்குப் பொருந்தியது.

வீட்டில் பெரிய கண்ணாடி முன்னால் கட்டிப் பார்த்து நாடாவின் அளவைச் சரிசெய்ய வேண்டும் என்று அக்கா அதை எடுத்துப்போக நினைத்தார். கேட் பாஸ் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் தன் கையெழுத்தையே போட்டார். டிபன் கேரியரின் மேல்தட்டில் தாடியைச் சுருட்டி வைத்தார்.

அந்தக் காலத்தில் தொழிற்பேட்டையில் செம்பு என்றால் கேட்டில் கண்ணை உருட்டுவார்கள். கொஞ்ச நாளுக்கு முன்புதான் ஒரு ஹெல்பரை இடுப்பில் கம்பி சுற்றி வைத்திருந்தான் என்று வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். பெண்களைச் சோதிக்கும் அறையில் இருந்த அம்மா கேரியரைத் திறந்து பார்த்து அப்படியே நின்றார்.

"என்னாம்மா இது?"

"தாடிங்க," என்றார் அக்கா.

பின்னால் வரிசையில் நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். அந்த அம்மா சிரிக்கவில்லை. வெளியே போய் யாரையோ கூப்பிட்டார். ஷிப்டு முடிந்து போகிறவர்களும் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்களும் கேட்டில் முட்டிக்கொண்டு நிற்க, அக்காவை மட்டும் தனியே ஓரமாக நிறுத்தினார்கள். திறந்த கேரியர் மேசைமேல் இருந்தது. வந்து போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செம்பு, செம்பு என்று சொல் வாய்க்கு வாய் நகர்ந்தது. அக்கா நிமிர்ந்துதான் நின்றார். ஆனால் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நாடகம் எழுதியவள் நான், நானும் வருகிறேன் என்று சொல்லி அவரோடு பர்சனல் ஆபீசரின் அறைக்குப் போனேன்.

பர்சனல் ஆபீசர் பெங்களூர்க்காரர். கேரியரிலிருந்ததைப் பேனாவால் தூக்கிப் பார்த்து, "ஏன்ரீ இது, என்ன இது?" என்றார்.

அக்கா கன்னடத்தில் விளக்கினார். எகிப்து, ராணி, ஆண்டு விழா. அவர் முகத்தில் எதுவும் ஏறவில்லை. பக்கத்தில் சேலத்துக்காரர் நின்றிருந்தார். அந்த வாரம்தான் புனேவிலிருந்து திரும்பியிருந்தார். இன்னும் லைன் பொறுப்பை வாங்கிக்கொள்ளவில்லை. ஆபீசர் கேட் பாஸை அவரிடம் நீட்டினார்.

"இந்தக் கையெழுத்து செல்லுமா?"

சேலத்துக்காரர் காகிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. "ரூல்படி செல்லாது சார். ஆக்டிங்ல இருக்கறவங்க மெட்டீரியலுக்குக் கையெழுத்து போடக்கூடாது."

"இத்தினி மாசமா ப்ரொடக்‌ஷன் ஷீட்ல நான்தான் சார் போட்டேன். அதெல்லாம் செல்லுச்சே," என்றார் அக்கா.

"அது வேற, இது வேற," என்றார் ஆபீசர். பிறகு சலித்துக்கொண்டு, "தாடி அந்தீரி, தாடிங்கறீங்க, இதைப் பாத்தா தாடி மாதிரியா இருக்கு?" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை, தலையசைத்திருக்கலாம். அவர் மேசைக்குப் போய்த் தாடியை எடுத்தார். நாடாவைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். தலைப்பை இடுப்பில் செருகினார். ஜன்னல் ஏசி முனகிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அறையில் நிமிர்ந்து நின்று, ஒத்திகையில் ஒருநாள்கூடத் தடுமாறாமல் சொல்லியிராத அந்த வசனத்தை இப்போது தடையில்லாமல் சொன்னார்.

"நைல் நதி யாரைக் கேட்டுப் பெருகுகிறது? எவர் உத்தரவில் வடிகிறது? என் தந்தையின் நாடு இது. நான் இதன் மகள். நானே இதன் மன்னன்."

வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றது. ஆபீசர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். சேலத்துக்காரர் கையிலிருந்த காகிதம் தாழ்ந்தது. அக்கா முடிச்சை அவிழ்த்து, தாடியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சரி, திருட்டு இல்லே," என்றார் ஆபீசர் கடைசியில். "ஆனா ப்ரொசீஜர் தப்பு. மெமோ வரும். எப்படியும் சூப்பர்வைசர் வந்துட்டார், நாளையிலிருந்து அவர் சார்ஜ் எடுத்துக்குவார்."

தாடியைக் கொடுக்கவில்லை. எங்கள் கண் முன்னாலேயே ஸ்க்ராப் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த ஆள் அதைத் தராசில் வைத்து எடை எழுதிக்கொண்டு டிரம்முக்குள் போட்டார். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு லேசான பொருள்.

சூளகிரி பஸ் வரும் வரைக்கும் ரோட்டோரம் நின்றோம். நான் ஏதேதோ பேசினேன். நாடகத்தையே விட்டுவிடலாம், கும்மியோ கோலாட்டமோ ஆடிவிட்டுப் போகலாம், வேலையையே விட்டுவிடலாம் என்றெல்லாம் சொன்னேன். கோபத்தில் எனக்கு நிற்க முடியவில்லை. அந்த ஓரத்திலேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லு. எனக்குத் தல சுத்துது," என்றார் அக்கா. பிறகு, "நாடகத்த நிறுத்துனா அது திருட்டுச் சாமான்தான்னு ஆயிடும். தாடின்னா அது மேடையேறணும்," என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் அக்கா பழைய இடத்தில் உட்கார்ந்து காயில் சுற்றினார். சேலத்துக்காரர் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைகள் ஏன் இடம் மாறியிருக்கின்றன என்று கேட்டார். அக்கா நிமிராமல், "வெளிச்சத்துக்கு சார்," என்றார். மாற்றச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் ஜன்னலைப் பார்த்தார், மேசைகளைப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார். ஆனால் லைன் முழுக்க ஒரு சங்கடம் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்தால் பெண்கள் பழக்கதோஷத்தில் அக்கா பக்கம் திரும்புவார்கள். திரும்பிய பிறகு நினைவு வந்து சேலத்துக்காரரைப் பார்ப்பார்கள். அவருக்கும் அது தெரியும். கழுத்தைத் துடைத்துக்கொள்வார்.

நாடகத்தின் பிரதியைக் கொடுக்கச் சொல்லி ஆபீசரிடமிருந்து ஆள் வந்தது. அவருக்குத் தமிழ் படிக்க வராது. சேலத்துக்காரரைக் கூப்பிட்டுப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அறைக்கு வெளியே நானும் மத்தூரும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே அவர் குரல் மெதுவாக, ஒரே ஸ்ருதியில், வரவு செலவு வாசிப்பது போலப் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் படித்தாரா, நடுவில் தாண்டினாரா என்று இன்றுவரை தெரியாது. முடிவில், "ஒண்ணும் இல்ல சார், பழைய சரித்திரம்தான்," என்று சொன்னது கேட்டது. பிரதி திரும்பி வந்தது.

புதுத் தாடி மத்தூரின் சவுரியிலிருந்து பிறந்தது. அவளுக்குத் தலைமுடி கொஞ்சம்தான். ஆசையாக வாங்கி வைத்திருந்த சவுரியைப் பாதியாக வெட்டிப் பின்னிக் கொடுத்தாள். "மீதிய நான் வச்சிக்கறேன்க்கா. கல்யாணத்துக்கு வேணும்," என்றாள். கறுப்பாக இருந்தது, மின்னவில்லை. அக்கா முகவாயில் வைத்துப் பார்த்து, போதும் என்றார்.

ஆண்டு விழா கம்பெனி மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஆண்கள் போட்ட சிரிப்பு நாடகம் முடிந்து, குழந்தைகள் டான்ஸ் முடிந்து, சாயங்கால வெளிச்சம் போகும் நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். ஓசூர்க் காற்று பந்தல் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா தாடியோடு மேடைக்கு வந்ததும் முன்வரிசையில் அவர் கணவன் மடியில் இருந்த குழந்தை வீறிட்டு அழுதது. கூட்டம் சிரித்தது. அக்கா ஒரு நொடி அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய் நின்று அங்கிருந்தே பார்த்தார்.

இடையில் இரண்டு இடங்களில் தெலுங்குக்குப் போனார். உள்ளூர்க்காரர்கள் பகுதியிலிருந்து விசில் வந்தது. சாம்பிராணி மரங்களாக வந்த பெண்கள் ஆளுக்கொரு வேப்பங்கொத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். ராணி கிரீடம் சூடினாள், தூண் நட்டாள், முதுமை அடைந்தாள், செத்தாள். பின்துணிக்கு அப்பால் போனாள்.

இனி என் முறை. மைதீட்டிய மீசையோடு உளியும் சுத்தியுமாக வந்தேன். தெர்மாகோல் சுவர் நின்றது. அதில் அவள் பெயர் என்று நாங்களாகவே வரைந்த பறவையும் கண்ணும் அலையும். எழுதியபடி நான் மட்டும்தான் மேடையில் இருக்க வேண்டும். "இவள் பெயர் இருந்த இடம் வெறுமையாகட்டும்" என்று சொல்லி உளியை வைக்கும்போது, பின்துணியை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். செத்தவர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஈ கோட எவரு கட்டினாரு?" என்றார்.

கூட்டத்தைப் பார்த்து அதையே தமிழில் சொன்னார். "இந்தச் செவுரு யாரு கட்டுனது? அதச் சொல்லிட்டு அழி."

பந்தல் துணி அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. வசனம் எழுதியவள் நான். என்னிடம் ஒரு வசனமும் இல்லை. அக்காவின் முகம் வெகு பக்கத்தில் இருந்தது. சவுரித் தாடியின் மேல் வியர்வை வழிந்தது. அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

"நீங்கதான்," என்றேன். ராஜகுமாரன் குரலில் இல்லை, என் ஊர்க் குரலில்.

"அப்ப சரி. இனிமே அழிச்சிக்க."

திரும்பி உள்ளே போய்விட்டார். நான் உளியால் சுரண்டினேன். தெர்மாகோல் மணிகள் காற்றில் பறந்து மீசையில் ஒட்டின, வாய்க்குள் போயின. பறவையை அழித்தேன், கண்ணை அழித்தேன், அலையை முழுக்க அழிக்க முடியவில்லை. நேரமாகிவிட்டது என்று யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கைதட்டல் வந்தது. முதலில் எங்கள் லைன் பெண்கள், பிறகு மற்றவர்கள். ஆபீசர் கைதட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. பரிசு ஆண்களின் சிரிப்பு நாடகத்துக்குப் போயிற்று.

மேடைக்குப் பின்னால் அக்கா குழந்தையை வாங்கக் கை நீட்டினார். அது வரமாட்டேன் என்று அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தாடியைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் வந்தது. கணவன், "நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில எதுக்கு திரும்பி வந்த?" என்று கேட்டார். அக்கா, "வரணும்னு இருந்துச்சு," என்றார்.

சேலத்துக்காரர் அங்கே வந்தார்.

"அந்தக் கடைசிப் பேச்சு நான் படிச்ச பேப்பர்ல இல்லியேம்மா," என்றார்.

"இல்ல சார்," என்றார் அக்கா.

வேறெதையோ சொல்ல வந்தவர் போல இருந்தது. "எல்லாரும் டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த லைனில் உட்கார முடியவில்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மெமோகூட எனக்கு வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காயிலும் முடிவே இல்லாமல் சுற்றுவதாகத் தோன்றியது. கோடை வருவதற்குள் வேலையை விட்டுப் பெங்களூரில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சேர்ந்தேன். அப்பா ஒரு மாதம் கடிதம் போடவில்லை. பிறகு மறுபடியும் மாப்பிள்ளைகள் வந்தார்கள்.

தாடி ராணி என்னை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவள் செத்த உடனே அந்தப் பையன் ஆத்திரத்தில் பெயரை அழித்தான் என்றுதான் நாடகத்தில் எழுதியிருந்தேன். அப்படி இல்லை, வெகுகாலம் சும்மா இருந்து, அவனும் முதுமையை நெருங்கிய பிறகுதான் அழிக்கச் சொன்னான் என்று இன்னொரு புத்தகத்தில் படித்தேன். ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தன் மகனுக்கு வழி சீராக இருக்க வேண்டும் என்று இருக்கலாமாம். கோபம் என்றால் எனக்குப் புரியும். கோபமே இல்லாமல், நிதானமாக, ஆள் வைத்து ஒரு பெயரை எடுத்துவிடுவது புரியவில்லை. சில நாட்கள் வேலைக்கு நடுவே அதையே நினைத்துக்கொண்டு ஊசியில் விரலைக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மத்தூருக்கு அவள் ஊரிலேயே கல்யாணம். போனேன். மண்டபத்தில் சூளகிரி அக்காவைப் பார்த்தேன். கையில் பெரிய டயல் வைத்த ஆண்கள் கடிகாரம் கட்டியிருந்தார். சேலத்துக்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். அவர் இடத்துக்கு டிப்ளமோ படித்த ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள், அவனும் நிற்கவில்லை. புது மேனேஜர் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஆக்டிங் இல்லை, பர்மனென்ட் சூப்பர்வைசர்.

"நீ எங்க இருக்கற?" என்று கேட்டார்.

"மூணாவது கம்பெனிக்கா."

"ஒரு எடத்துல நிக்கவே மாட்டியா?" என்று சிரித்தார். அவர் முகத்தில் நன்றாகத் தூங்காதவர்களின் கறுப்பு இருந்தது. லைனில் இப்போது பெண்கள் இரண்டு மடங்கு, புது ஆர்டர், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்று மூச்சுவிடாமல் சொன்னார். பேச்சின் நடுவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாலி கட்டி முடிந்ததும், செகண்ட் ஷிப்டுக்குப் போகணும் என்று மத்தூரின் தலையில் கைவைத்துவிட்டு, பந்திக்குக்கூட உட்காராமல் கிளம்பிவிட்டார்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த லைனில் புதிதாகச் சேர்ந்த பெண். எனக்கு அக்காவைத் தெரியும் என்றதும் இலையைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்ககிட்ட லீவு கேக்கவே பயமா இருக்கும்க்கா. மூஞ்சிய நிமிர்த்திப் பாக்க மாட்டாங்க. முன்னாடி இருந்த சார்னா, கெஞ்சிக் கேட்டா குடுப்பாராம்."

அக்கா அந்த நாற்காலிக்கு வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதோடு ஏதோ உறுத்தவும் செய்தது. அந்தப் பெண் பாயசம் வேண்டாம் என்றாள். அவள் பங்கையும் நானே வாங்கிக் குடித்தேன். மத்தூரிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தபோது கிருஷ்ணகிரி பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஓடிப்போய் ஏறினேன். நடுவில் ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார மனம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.